பள்ளித் தோட்டத்தில் என்ன கோளாறு? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஜூனில் பள்ளி திறந்ததும் ஆர்வமாகப் பாத்தி கட்டுவார்கள். காலாண்டுத் தேர்வு முடியும்போது அங்கே நாலு காய்ந்த குச்சியும் ஒரு பெயர்ப்பலகையும் நிற்கும். நம் ஊர் அரசுப் பள்ளிகளில் இது புதிய காட்சி இல்லை. திட்டங்களுக்குக் குறைவில்லை. பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றங்களுக்கான தேசிய பசுமைப் படை 2001-இல் தொடங்கியது. பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் போடுவதற்கான வழிகாட்டுதலை 2019-இல் மத்திய அரசு வெளியிட்டது. ஆனால் செடி வாடும்போது என்ன பார்க்க வேண்டும், அந்த வாடலை வைத்துப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லித்தர வேண்டும் என்பதை ஆசிரியரே தட்டுத்தடுமாறித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் குறிப்பு அதற்காகத்தான். உங்கள் தோட்டத்தில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். அதற்கு முன் ஒரே ஒரு விஷயம். வீட்டுத் தோட்டத்தில் கோளாறு வந்தால் உடனே சரிசெய்ய வேண்டும். பள்ளித் தோட்டத்தில் அப்படி இல்லை, கோளாறுதான் பாடம். நீங்கள் கை வைப்பதற்கு முன் பிள்ளைகள் பார்த்து முடிக்கட்டும். எந்தச் செடி, பழைய இலையா புது இலையா, ஒன்றுதானா எல்லாமுமா, வெள்ளிக்கிழமை பார்த்தபோது இருந்ததா என்று கேட்டு, பதிலைக் கரும்பலகையில் எழுதிய பிறகு மருந்தைப் பற்றிப் பேசலாம். ஒரு நாள் தாமதத்தால் செடி செத்துப்போவது அபூர்வம். இன்னொன்றும் பார்ப்பீர்கள்: பள்ளித் தோட்டத்து நோய்களில் பாதிக்குக் காரணம் மண்ணில் இருப்பதில்லை, கால அட்டவணையில் இருக்கிறது.

விதை போட்டுப் பத்து நாளாயிற்று, ஒன்றும் முளைக்கவில்லை

முதலில் ஆழத்தைச் சந்தேகப்படுங்கள். "குழி போட்டு விதை" என்று சொன்னால் பிள்ளைகள் ஆள்காட்டி விரலை முழுசாக மண்ணுக்குள் விடுவார்கள். வெண்டைக்கும் தட்டைப்பயறுக்கும் ஒரு விரற்கடை ஆழம் போதும். கீரை விதையைப் புதைக்கவே வேண்டாம். மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிசாக மணல் போட்டால் சரி. விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் என்பது பொதுக் கணக்கு. ஐஸ் குச்சியில் பேனாவால் கோடு போட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டால் இந்தப் பிரச்சினை அன்றோடு தீரும்.

ஆழம் சரி என்றால் எறும்பைப் பாருங்கள். அரைக்கீரை, சிறுகீரை விதைகளைத் தூவிய அன்றைக்கே எறும்பு வரிசை கட்டிவிடும். பாத்திக்கு வெளியே கொஞ்சம் நொய்யரிசியைப் போட்டுவிட்டு, விதைத்த இடத்தை வைக்கோலால் மூடுங்கள். அதற்கு முன் எறும்பு விதையை எங்கே தூக்கிக்கொண்டு போகிறது என்று பிள்ளைகள் பின்தொடர்ந்து பார்த்துவிடட்டும். இதைவிட நல்ல அறிவியல் வகுப்பு அந்த வாரத்தில் அமையாது.

மூன்றாவது, விதையே செத்திருக்கலாம். விழாவில் கொடுத்த பொட்டலம் இரண்டு வருடம் பீரோவில் கிடந்திருக்கும். பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். அதில் எத்தனை முளைக்கிறதோ அதுதான் முளைப்புத்திறன். ஐந்தாம் வகுப்பின் சதவீதக் கணக்கு இங்கேயே முடிந்துவிடும். பாகல், சுரை விதைகளுக்கு ஓடு தடிப்பு என்பதால் ஓர் இரவு ஊறவைத்துப் போடுங்கள்.

யாரும் ஒப்புக்கொள்ளாத நான்காவது காரணமும் உண்டு. பிள்ளைகள் தினமும் தோண்டிப் பார்க்கிறார்கள். திட்ட வேண்டாம், அந்த ஆசை நியாயமானது. கண்ணாடி டம்ளரின் உள்சுவரை ஒட்டி ஈரக் காகிதத்தைச் சுற்றி, காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நாலு தட்டைப்பயறைச் செருகி ஜன்னலோரம் வையுங்கள். வேர் முதலில் கீழே இறங்குவதும், டம்ளரைச் சாய்த்து வைத்தாலும் அது வளைந்து மறுபடி கீழ்நோக்கியே போவதும் வெட்டவெளிச்சமாகத் தெரியும். பாத்தி பிழைத்துக்கொள்ளும்.

முளைத்த நாற்று அடித்தண்டு நைந்து சாய்கிறது

தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றங்காலில் இது சகஜம். முந்தின நாள் நிமிர்ந்து நின்றது, காலையில் மண்ணோடு ஒட்டிப் படுத்திருக்கும். தண்டின் அடி நூலாகச் சுருங்கி ஈரமாக இருக்கும். இது நாற்றழுகல். பூஞ்சை வகை நோய்தான், ஆனால் அதை வரவழைத்தது தண்ணீர்.

பள்ளியில் தண்ணீர் எப்படி அதிகமாகிறது என்பது தெரிந்த கதை. வகுப்பில் நாற்பது பேர். ஒவ்வொருவருக்கும் ஊற்ற ஆசை. ஆளுக்கு ஒரு டம்ளர் என்றாலும் ஒரு சின்னப் பாத்திக்கு அது வெள்ளம். அதோடு இடைவேளையில் வேறு வகுப்பு வந்து இன்னொரு முறை ஊற்றிவிட்டுப் போகும். சனி, ஞாயிறு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஐந்து நாள் வெள்ளமும் இரண்டு நாள் வறட்சியும் மாறி மாறி வந்தால் எந்த நாற்றுதான் தாங்கும்?

வழி இதுதான். ஊற்றுவதற்கு முன் விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பார்க்க வேண்டும்; மண் ஒட்டினால் அன்று தண்ணீர் இல்லை. இந்தத் தீர்ப்பைச் சொல்லும் உரிமை அன்றைய முறைப் பிள்ளைக்கு மட்டும். ஆசிரியருக்குக்கூட இல்லை என்று வையுங்கள், விளையாட்டு சூடுபிடிக்கும். தண்ணீர் பாட்டில் மூடியில் ஆணியால் ஓட்டைகள் போட்டால் அதுவே பூவாளி. குவளையால் ஊற்றினால் விதையும் மண்ணும் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். வெள்ளிக்கிழமை மாலை மூடாக்கு போட்டுவிட்டுப் போங்கள். காய்ந்த வேப்பிலை, புங்க இலை, தேங்காய் நார் எதுவானாலும் சரி.

மறுபடி விதைக்கும்போது நாற்றங்காலைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்துங்கள். விதையோடு டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) தூளைப் புரட்டிப் போடலாம். கிலோ விதைக்கு 4 கிராம் என்பது அளவு. உங்கள் கைப்பிடி விதைக்கு ஒரு சிட்டிகையே அதிகம். வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டுப் பாருங்கள். இன்னும் நல்லது, இரண்டு தட்டுகளில் நாற்று விட்டு ஒன்றுக்கு விரல் பார்த்தும் மற்றதற்குத் தினமும் தாராளமாகவும் ஊற்றச் சொல்வது. எது சாய்கிறது என்று பிள்ளைகள் தாங்களே பார்த்துவிட்டால், அதற்கப்புறம் "தண்ணி ஊத்தாதே" என்று நீங்கள் கத்த வேண்டியதில்லை.

நெடுநெடுவென வளர்ந்து ஒடிகிறது

வெயில் போதவில்லை. வேப்பமர நிழலில் பாத்தி போட்டிருப்பீர்கள், பிள்ளைகள் வெயிலில் நிற்கக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில். காய்கறிக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். முதல் மணி, மதிய மணி, கடைசி மணி அடிக்கும்போது நிழல் எங்கே விழுகிறது என்று சுண்ணாம்புத் தூளால் கோடு போடச் சொல்லுங்கள். மூன்று கோட்டுக்கும் வெளியே இருக்கும் இடம்தான் பாத்திக்கு ஏற்றது. நிழலில் இஞ்சி, சேப்பங்கிழங்கு, கற்பூரவல்லி வைக்கலாம்.

இலை மஞ்சளாகிறது

"இலை மஞ்சளாச்சு சார்" என்பதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எந்த இலை, இலையில் எந்த இடம் என்று பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் போதும்.

அடி இலைகள் ஒரே சீராக வெளுத்து, நுனி மட்டும் பச்சையாக இருந்தால் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறைவு. செடி பழைய இலையிலிருந்து சத்தை எடுத்துப் புது இலைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. மண்புழு உரமோ நன்றாக மக்கிய தொழு உரமோ இடுங்கள். பஞ்சகவ்யம் கிடைத்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. பக்கத்திலேயே நாலு தட்டைப்பயறு போட்டு, பூக்கும் சமயத்தில் ஒன்றை வேரோடு பிடுங்கிக் கழுவிக் காட்டுங்கள். வேரில் கடுகும் மிளகுமாக முடிச்சுகள் இருக்கும். நகத்தால் ஒன்றைக் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் தெரிந்தால் உள்ளிருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் வேலையில் இருக்கிறது என்று அர்த்தம். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கிடப்பது கையில் கிடைத்தால் பிள்ளைகள் வேறு பிள்ளைகளாகிவிடுவார்கள்.

புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து கிடைக்கவில்லை. பள்ளி வளாகத்தில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. வகுப்பறை கட்டியபோது மிஞ்சிய சுண்ணாம்பு, சிமென்ட், காரைத்தூள் எல்லாம் சுவரோரம் கொட்டிக் கிடக்கும். நாம் அங்கேதான் பாத்தி போடுவோம். மண்ணில் காரத்தன்மை ஏறினால் இரும்பு இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. ஒரு கரண்டி மண்ணில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. வேறு இடம் இருந்தால் மாறிவிடுங்கள். இல்லாவிட்டால் செங்கல் அடுக்கி ஓரடி உயரத்துக்குச் செம்மண், மணல், தொழு உரக் கலவையைக் கொட்டிப் பாத்தி கட்டுங்கள். இரும்புச்சத்து டானிக் வாங்கித் தெளிப்பதில் காசுதான் போகும்.

வெண்டையில் நேர்மாறாக நரம்பு மஞ்சளாகி நடுவில் பச்சை தெரிந்தால் அது மஞ்சள் நரம்புத் தேமல். வைரஸ் நோய், வெள்ளை ஈ பரப்புகிறது. மருந்து கிடையாது. பிடுங்கிப் புதைக்க வேண்டியதுதான். தன் செடியைப் பிடுங்கச் சொன்னால் சில பிள்ளைகள் அழுவார்கள். "ஒரு பிள்ளைக்கு ஒரு செடி" என்று பெயர் எழுதி வைக்கும் பழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லாததற்கு இதுவும் ஒரு காரணம். ஐந்து பேருக்கு ஒரு பாத்தி என்று விட்டால் இழப்பும் பங்கு போடப்படும். மஞ்சள் பெயின்ட் அடித்த தகரத்தில் விளக்கெண்ணெய் தடவிப் பாத்திக்குள் குச்சியில் நட்டுவையுங்கள். வெள்ளை ஈ அதில் ஒட்டும். வாரம் ஒருமுறை எண்ணினால் எண்ணிக்கை ஏறுவதும் இறங்குவதும் வரைபடமாகும்.

செடி முழுக்க வெளுத்து, மண் எப்போதும் சொதசொதவென்றிருந்தால் மேலே சொன்ன தண்ணீர்க் கதைதான்.

மண்மேல் வெள்ளையாகப் படிகிறது, இலை ஓரம் கருகுகிறது

ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர். அவரை, பீன்ஸ் வகை முதலில் அடிவாங்கும். பீட்ரூட், பாலக் கீரை ஓரளவு தாங்கும். மழைநீர்த் தொட்டி இருந்தால் அந்தத் தண்ணீரை நாற்றுக்கு ஒதுக்குங்கள். கைகழுவும் தண்ணீரைக் காய்கறிப் பாத்திக்குத் திருப்பாதீர்கள், சோப்பும் உப்பும் சேரும். அந்த வாய்க்காலோரம் வாழையும் கல்வாழையும் வைத்தால் அவை குடித்துக்கொள்ளும்.

இலை முழுக்க ஓட்டை. பூச்சியைக் கண்டால் பிள்ளைகள் மிதிக்கிறார்கள்

இரண்டாவதுதான் பெரிய கோளாறு. முதலாவது பெரும்பாலும் கோளாறே இல்லை.

பள்ளியில் ரசாயன மருந்து அடிக்கக் கூடாது. பிள்ளைகளின் கை படும் இடம், பறித்த கையோடு வாயில் போடும் இடம். இதில் விவாதத்துக்கு இடமில்லை. வேப்பங்கொட்டைக் கரைசல் (லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டியது) கைவசம் இருக்கட்டும். இலைமேல் வெள்ளைப் பொடியாகப் படியும் சாம்பல் நோய்க்குப் புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து தெளிக்கலாம். ஆனால் எதையும் தெளிப்பதற்கு முன் அது யார் என்று தெரிய வேண்டும்.

கறிவேப்பிலைச் செடியிலிருந்து தொடங்குங்கள். கொழுந்தில் பறவை எச்சம் போலவே ஒன்று ஒட்டியிருக்கும். உற்றுப் பார்த்தால் அது நகரும். கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சிகளின் இளம் புழு. பறவை தன் எச்சத்தைத் தின்னாது என்பதால் அந்த வேஷம். கொஞ்சம் வளர்ந்ததும் தோலுரித்து இலைப் பச்சைக்கு மாறும். ஒரு புல் நுனியால் மெதுவாகத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த நிறத்தில் இரண்டு கொம்புகள் நீளும். கூடவே ஒரு வாடை வரும். அந்த வாடையை முகர்ந்த பிள்ளை அதற்கப்புறம் புழுவை மிதிக்காது. முட்டையிலிருந்து இறக்கை விரிவது வரை ஏறக்குறைய ஒரு மாதம். ஒரு கிளையைக் கொசுவலைத் துணியால் மூடிக் கட்டினால் வகுப்பே முறைபோட்டுக் காவல் இருக்கும். கறிவேப்பிலை கொஞ்சம் போகும், போகட்டும். வேலியோரம் எருக்கு இருந்தால் வெட்டாதீர்கள். வெந்தய வரியன் முட்டையிடும் செடி அது. பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னால் போதும்.

அடுத்தது அசுவினி, செடியின் சாற்றை உறிஞ்சும் குட்டிப் பூச்சி. அவரைக் கொழுந்தில் கறுப்பாக அப்பியிருக்கும். அங்கேயே குட்டி முதலை மாதிரி, கறுப்பில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு ஒரு ஜீவன் அலையும். பார்க்கப் பயங்கரமாக இருப்பதால் முதல் மிதி அதற்குத்தான். அது பொறிவண்டின் குட்டிப் பருவம், அசுவினியைத் தின்னவே வந்திருக்கிறது. "இது ஒரு நாளைக்கு எத்தனை சாப்பிடுகிறது?" என்று ஒரு இலையைத் தனியாக டப்பாவில் வைத்து எண்ணச் சொல்லுங்கள்.

பப்பாளியில் வெள்ளைப் பஞ்சாக மாவுப்பூச்சி வந்தால் ஒரு உண்மைக் கதை சொல்ல வாய்ப்பு. இந்த மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில்தான் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தமிழ்நாடு முழுக்கப் பாழாக்கியது. மருந்தடித்துச் சலித்துப்போன பிறகு, 2010-இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு சின்ன ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டுப் பெருகி, கொஞ்ச காலத்திலேயே அதை அடக்கின. உங்கள் பப்பாளியில் பஞ்சுக்கு நடுவே உள்ளீடற்ற பழுப்பு உறைகள் தெரிந்தால் குளவி வந்துபோயிருக்கிறது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் மற்றது கழியும்.

தேள், பூரான், பாம்பு என்றால் பாடம் பிறகு, முதலில் எல்லோரும் தள்ளி நிற்க வேண்டும். கல் குவியலைப் பிள்ளைகள் கையால் புரட்டக் கூடாது. மழைக்காலத்தில் பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் வந்தால் வெறுங்கையால் தொட வேண்டாம், கரண்டியால் எடுக்கட்டும். ஊமத்தை, அரளி, குன்றிமணி மூன்றும் விஷம், முதல் நாளே அடையாளம் காட்டிவிடுங்கள். பார்த்தீனியத்தைப் பெரியவர்கள் பிடுங்கட்டும், தோலில் அரிப்பு வரும்.

பூக்கிறது, காய் பிடிக்கவில்லை

பூசணி, பாகல், சுரை, பீர்க்கு எல்லாவற்றிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. முதலில் வருவது பெரும்பாலும் ஆண் பூக்கள். எனவே முதல் இரண்டு வாரம் காய் இல்லை என்றால் காத்திருங்கள். பெண் பூவின் அடியில் குண்டூசித் தலையாகவோ கோலிக்குண்டாகவோ ஒரு பிஞ்சு இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். ஏழு வயதுப் பிள்ளையும் ஒரே நாளில் பிரித்துச் சொல்லிவிடும்.

பெண் பூ வந்தும் பிஞ்சு வெம்பி உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை. இங்கே பள்ளி மணி குறுக்கே நிற்கிறது. பூசணி விடியலில் விரிந்து முற்பகலிலேயே சுருங்கிவிடும், முதல் பீரியடுக்கு முன்னால் போக வேண்டும். ஆண் பூவின் இதழை உரித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவினால் போதும். சுரையும் பீர்க்கும் சாயங்காலம் விரிபவை. நாலு மணி மணியடித்துப் பிள்ளைகள் போன பிறகு பூக்கும், இரவில் அந்துப்பூச்சி வரும். பள்ளிக்கு அருகில் வீடு இருக்கும் பிள்ளைகளை அம்மா அப்பாவோடு ஒரு மாலை வரச் சொல்லுங்கள். வெள்ளைச் சுரைப்பூ விரிவதை நின்று பார்த்த பெற்றோர் அடுத்த மாதம் தாமாகவே வேலிக்குக் கழி கொண்டுவருவார்கள்.

கத்தரி, தக்காளிப் பூவுக்கு வேறு கணக்கு. மகரந்தம் குழாய் மாதிரியான பைக்குள் அடைபட்டிருக்கும். நீலப்பட்டைத் தேனீயும் தச்சுத் தேனீயும் பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைத்துக் கொட்டும். கூட்டுத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. தேனீ வராத நாளில் காலையில் பூங்கொத்தை விரலால் சுண்டிவிடுங்கள். செடி காடாகத் தழைத்துப் பூவே இல்லை என்றால் சாணம் அதிகம் போட்டுவிட்டீர்கள்.

ஆடு மேய்ந்துவிட்டது

வேலி வேண்டும், வேறு வழியில்லை. மேய்ப்பவரோடு சண்டை போட்டுப் பயன் கிடையாது. அவர் பிள்ளையும் உங்கள் பள்ளியில்தான் படிக்கும். ஆடாதொடையையும் நொச்சியையும் நெருக்கி நட்டால் ஆடு வாய் வைக்காது. அது வளரும் வரை முள் வேலி. மயிலுக்குக் கொசுவலைத் துணி. குரங்கு வரும் ஊர் என்றால் தக்காளியை மறந்துவிட்டு மஞ்சள், இஞ்சி, கருணைக்கிழங்கு போடுங்கள்.

தோட்டம் என்றாலே பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள்

தாமதமாக வந்தவன் களை பிடுங்கு, வீட்டுப்பாடம் எழுதாதவள் தண்ணீர் ஊற்று. இது நடக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும் வேறு யாராவது சொல்லியிருப்பார்கள். தண்டனையாகச் செய்த வேலையைப் பிள்ளை ஆயுளுக்கும் தண்டனையாகவே நினைக்கும். தலைமையாசிரியரிடம் பேசி இதை அடியோடு நிறுத்துங்கள்.

அப்புறம், யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். பையன்கள் மண்வெட்டி பிடிக்கிறார்கள், பெண்கள் பெருக்குகிறார்கள். சாணி கரைப்பதும் குப்பை அள்ளுவதும் திரும்பத் திரும்ப அதே நாலைந்து பிள்ளைகளிடம் போகிறது. அந்த நாலைந்து பேர் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று பார்த்தால் ஊரின் சாதிக் கணக்கு அப்படியே பாத்தியில் இறங்கியிருப்பது தெரியும். "தெரியாமல் நடந்துவிட்டது" என்பது இதற்குச் சமாதானமாகாது. எல்லா வேலையும் வருகைப் பதிவேட்டு வரிசையில் சுழல வேண்டும், சாணி உட்பட, ஆசிரியர் உட்பட. இதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெரிய மண்வெட்டி கொடுத்தால் கை நொந்துபோகும், வேலையும் வெறுத்துப்போகும். களைக்கொத்தோ பழைய சட்டுவமோ போதும்.

தோட்டம் செழிப்பு, பிள்ளைகளைக் கேட்டால் ஒன்றும் தெரியவில்லை

பார்வையாளர் வரும் நாளில் படம் எடுக்க ஏற்ற தோட்டம். ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் வெண்டைப்பூ எப்படி இருக்கும் என்று கேட்டால் முழிக்கும். எதிரிலேயே செடி இருக்கும்போது வரையச் சொன்னாலும், புத்தகத்தில் வரைந்து பழகிய அதே ஐந்திதழ்ப் பூவைப் பார்க்காமலே போட்டுவிடும். வேலை நடக்கிறது, பார்வை நடக்கவில்லை.

வாரம் ஒரு பீரியடைக் கால அட்டவணையில் ஏற்றுங்கள். அந்த நேரத்தில் மண்வெட்டி, பூவாளி எதுவும் வேண்டாம், நோட்டும் பென்சிலும் மட்டும். நீங்கள் விளக்கம் சொல்லாமல் ஒரு கேள்வி மட்டும் கொடுங்கள். உதாரணத்துக்கு, ஒரு வெண்டைப்பூவைப் பறித்து, நடுவில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். வெளிர்மஞ்சள் இதழ் ஐந்து, அடியில் கருஞ்சிவப்பு, நடுவில் மகரந்தத் தாள்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த ஒரு குழாய், அதன் உச்சியில் சூல்முடி. சரி, இந்தக் குழாய் வேறு எந்தப் பூவில் இருக்கிறது? தேடிப் பிடித்துக் கொண்டுவாருங்கள் என்று வளாகத்தில் விடுங்கள். செம்பருத்தி வரும், வேலியோரத்துத் துத்தி வரும், பூவரசு வரும், பருத்திக்காட்டு ஊர் என்றால் பருத்தியும் வரும். எல்லாம் ஒரே குடும்பம் என்று நீங்கள் சொல்வதற்கு முன் எவளாவது ஒருத்தி சொல்லிவிடுவாள். தாவர வகைப்பாடு என்ற வறண்ட பாடம் அரை மணியில் கையில் வந்து விழும்.

பாத்தி காலியாக இருக்கும் மாதங்களிலும் இந்தப் பீரியட் நிற்கக் கூடாது. வளாகத்தில் இருக்கும் வேம்பு, புளி, புங்கத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கொழுந்து, பூ, காய் எப்போது வருகிறது என்று வாரந்தோறும் குறிக்கலாம். சீசன்வாட்ச் என்ற மக்கள் அறிவியல் திட்டம் இதற்கென்றே இருக்கிறது, பள்ளிகள் சேரலாம். 2015-இல் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. பொங்கல் விடுமுறையில் ஊரில் இருக்கும் பிள்ளைகள் கால் மணி நேரம் வயலோரம் நின்று எண்ணினால் போதும்.

விளைந்ததைச் சாப்பிட மறுக்கிறார்கள்

முதலில் அளவைப் பற்றி உண்மையாக இருங்கள். நாலுக்கு எட்டு அடிப் பாத்தியில் விளைவது சில கட்டுக் கீரை. நூறு பிள்ளைகளின் சாம்பாருக்கு அது காணாது. சத்துணவுக்குக் காய்கறி வழங்கும் தோட்டம் என்று பலகை வைத்துவிட்டு ஆளுக்கு அரை இலை போட்டால் பிள்ளைகளே சிரிப்பார்கள். முருங்கை மட்டும் விதிவிலக்கு. நாலு மரம் இருந்தால் வாரம் ஒருநாள் சாம்பாருக்குத் தாராளமாகக் கீரை கிடைக்கும்.

பாத்தி போடுவதற்கு முன்பே சத்துணவுச் சமையல் அக்காவிடம் கேளுங்கள். எந்தக் கீரையை ஆய்வதற்கு அவருக்கு நேரம் இருக்கும், எதைப் பிள்ளைகள் தட்டில் ஒதுக்குகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். காய்கறித் தோலும் முட்டை ஓடும் அவர் அடுப்படியிலிருந்து மக்குக்குழிக்கு வரவேண்டியவை. அந்த உறவு இல்லாமல் உரம் கிடையாது.

முள்ளங்கியை ஒருமுறை முயன்று பாருங்கள். நாற்பத்தைந்து நாளில் கிழங்கு வந்துவிடும். பிடுங்கிக் கழுவி, வட்டமாக அரிந்து உப்பும் எலுமிச்சையும் தொட்டுக் கொடுத்தால், வீட்டில் முள்ளங்கிச் சாம்பாரைத் தொடாத பிள்ளையும் ஒரு துண்டு கடித்துப் பார்க்கும். பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

மே மாதம் எல்லாம் செத்துப்போகிறது

சாகத்தான் செய்யும். ஏப்ரல் கடைசியில் வெண்டையும் கத்தரியும் உயிரோடு இருக்கவேண்டும் என்று காவலாளி வைத்துத் தண்ணீர் ஊற்றுவது வீண் பாடு. கால அட்டவணையைப் பள்ளிக்கு ஏற்ப மாற்றுங்கள். ஜூனில் கீரையும் முள்ளங்கியும் போட்டால் காலாண்டுக்கு முன் அறுவடை முடியும். ஆடிப்பட்டத்தில் வெண்டை, கொத்தவரை, அவரை, பூசணி. வடகிழக்குப் பருவமழையில் பாத்தி மூழ்கும் ஊர் என்றால் அக்டோபர், நவம்பரில் மேட்டுப்பாத்தி மட்டும். தையில் மறுபடி ஒரு சுற்றுக் கீரை. மார்ச்சில் புதிதாக எதையும் விதைக்காதீர்கள்; நன்றாக இருக்கும் காய்களைச் செடியிலேயே முற்றவிட்டு விதை எடுங்கள்.

விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து, காகித உறையில் போட்டு, பெயரும் மாதமும் எழுதி ஒரு தகர டப்பாவில் வையுங்கள். பாத்திகளின் மேல் ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த இலையைப் பரப்புங்கள். முருங்கை, கறிவேப்பிலை, அகத்தி, நொச்சிக்கு மட்டும் வாரம் ஒருமுறை தண்ணீர் போனால் போதும். அதற்குப் பக்கத்து வீட்டாரை இப்போதே கேட்டுவையுங்கள், சாவியையும் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளின் நோட்டுகளை வீட்டுக்கு அனுப்பாமல் தகர டப்பாவோடு சேர்த்து வைத்துப் பூட்டுங்கள். மே மாதக் கலந்தாய்வில் உங்களுக்கு மாறுதல் வந்தாலும், எந்தப் பாத்தியில் காரைத்தூள் இருக்கிறது, எந்தக் குழாயில் உப்புத் தண்ணீர் வருகிறது என்று அடுத்து வரும் ஆசிரியர் முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்காது.